ஷாம்பு சரத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு

பைக் வாங்கப் போகிறவர் மைலேஜ் விசாரிப்பார், நாலு பேரிடம் கேட்பார், ஷோரூமுக்கு இரண்டு தடவை போய்விட்டு வருவார். ஷாம்பு வாங்குகிறவர் இதில் எதையும் செய்வதில்லை. கடையில் நின்று “ரெண்டு ஷாம்பு குடுங்க” என்கிறார். கடைக்காரர் தொங்குகிற சரத்திலிருந்து கைக்கு எட்டியதைக் கிழித்துத் தருகிறார். வாங்குகிறவர் பெயரைப் பார்த்துத் தலையாட்டினால் வியாபாரம் முடிந்தது. எல்லாம் சேர்ந்து சில நொடிகள்தான்.

ஷாம்பு, சோப்பு, பற்பசை, துணி துவைக்கும் பவுடர், பிஸ்கட், டீத்தூள் போன்ற அன்றாடப் பொருள்களின் மார்க்கெட்டிங் முழுக்க இந்தச் சில நொடிகளுக்காகத்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் மூன்று விஷயங்கள் கூடி வர வேண்டும்: பெயர் நினைவுக்கு வர வேண்டும், பொருள் அந்தக் கடையில் இருக்க வேண்டும், விலை அப்போது கையில் இருக்கும் காசுக்குள் அடங்க வேண்டும். மார்க்கெட்டிங் என்றதும் நமக்கு டிவி விளம்பரம்தான் கண்ணில் படுகிறது. அது முதல் வேலையை மட்டுமே செய்கிறது. என்னைக் கேட்டால், கஷ்டமான வேலைகள் மற்ற இரண்டும்தான். அதைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் கடலூரிலேயே இருக்கிறது.

கடலூரில் தொடங்கியது

1970கள் வரை நம் ஊரில் ஷாம்பு என்பது பாட்டிலில் வரும் வசதியானவர்கள் வீட்டுப் பொருள். மற்றவர்களுக்குச் சீயக்காய், அரப்பு. அதுவும் இல்லையென்றால் உடம்புக்குப் போடும் சோப்பே தலைக்கும். கடலூரில் சின்னி கிருஷ்ணன் என்பவர் பொருள்களைச் சிறு சிறு பொட்டலங்களாக அடைத்து விற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வசதியுள்ளவர் வாங்குவதைக் கூலி வேலை செய்பவரும் வாங்க முடிய வேண்டும் என்பது அவர் எண்ணம். அந்த வழியில் அவருடைய குடும்பம் வெல்வெட் ஷாம்புவைச் சாஷே என்ற சின்னப் பாக்கெட்டில் கொண்டுவந்தது. மகன்களில் ஒருவரான சி.கே. ரங்கநாதன் 1983இல் குடும்பத் தொழிலிலிருந்து விலகி, 15,000 ரூபாய் முதலுடன் சிக் ஷாம்புவைத் தொடங்கினார். அந்தச் சிறு தொழில்தான் பின்னாளில் கெவின்கேர் ஆனது.

சாஷே என்றதும் “சின்னப் பாக்கெட், குறைந்த விலை, அவ்வளவுதானே” என்று தோன்றும். அதற்குள் இன்னும் சில வேலைகள் நடக்கின்றன. தினக்கூலி வாங்குகிறவர் மாதத்துக்குத் தேவையானதை ஒரே நாளில் வாங்க மாட்டார்; அன்றைய தேவைக்கு அன்றைக்கே வாங்குவார். சாஷே அவருடைய வருமானம் வரும் வேகத்தோடு ஒத்துப்போகிறது. அப்புறம், புதுப் பொருளை முயன்று பார்ப்பதில் உள்ள பயத்தை அது எடுத்துவிடுகிறது. பிடிக்காவிட்டால் ஒரு ரூபாய்தான் நஷ்டம். பாட்டில் என்றால் இரண்டு மாதம் அலமாரியில் இருந்து முறைக்கும். ஒரு குளியலுக்கு எவ்வளவு என்ற அளவையும் பாக்கெட்டே முடிவு செய்துவிடுகிறது. கடைக்காரருக்கோ அலமாரியில் இடமே தேவையில்லை, ஒரு ஆணி போதும்.

ஆனால் சாஷே இருந்தால் மட்டும் போதாது. கிராமத்தில் ஷாம்புவே தெரியாதவரிடம் எப்படி விற்பது? அங்கே சிக்கின் போட்டியாளர் வேறொரு ஷாம்பு கம்பெனி அல்ல. சீயக்காயும் குளியல் சோப்பும்தான். அதனால் ஊர் ஊராகப் போய், ஒரு பையனை உட்கார வைத்து எல்லோர் முன்னாலும் தலைக்கு ஷாம்பு போட்டுக் காட்டினார்கள். பிறகு கூட்டத்தில் இருந்தவர்களை அவன் முடியைத் தொட்டுப் பார்க்கவும் முகர்ந்து பார்க்கவும் சொன்னார்கள். இன்றைக்கு இதைப் ‘புராடக்ட் டெமான்ஸ்ட்ரேஷன்’ என்று பெரிய பெயரில் சொல்கிறோம். முகர்ந்து பார்க்கச் சொன்னதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். முடி எவ்வளவு சுத்தமானது என்பதை யாராலும் அளந்து பார்க்க முடியாது. வாசனையை மூக்கு உடனே சொல்லிவிடும்.

நுரையும் அப்படித்தான். நுரை அதிகம் வந்தால் அழுக்கு அதிகம் போகிறது என்று நாம் நம்புகிறோம். உண்மையில் அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுப்பது ஷாம்புவில் உள்ள சோப்பு போன்ற வேதிப்பொருள்கள். நுரை பெரும்பாலும் கண்ணுக்கான சாட்சி. தலையில் எண்ணெய் இருந்தால் முதல் தடவை நுரை அடங்கிப்போகும், இரண்டாம் தடவை பொங்கி வரும். ‘தலை இப்போதுதான் சுத்தமானது’ என்ற திருப்தி அந்த இரண்டாம் தடவையில் கிடைக்கிறது. நிறுவனங்களுக்கு இது நன்றாகவே தெரியும். அதனால்தான் வாசனை, நிறம், நுரை ஆகியவற்றின் மேல் அவ்வளவு கவனம். இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்குத் தெரியாத வேலையைக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆக்குவதும் விற்பனையின் ஒரு பகுதிதான்.

சிக்கின் அடுத்த தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. ஐந்து காலி ஷாம்பு சாஷே கொண்டுவந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்றார்கள். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டாக இருந்தாலும் சரி. சாதாரண இலவசத் திட்டம் ஏற்கனவே வாங்குகிறவருக்கே போய்ச் சேரும். இதுவோ எதிராளியின் வாடிக்கையாளரைத் தேடிப் போய்க் கையில் சாம்பிள் கொடுக்கிறது. அவர் ஷாம்பு போடுகிறவர் என்பதற்குச் சான்றும் அவரே கொண்டுவருகிறார்! காலிப் பாக்கெட்டோடு ஆள்கள் வந்து நிற்க ஆரம்பித்ததும் சிக் வைக்காத கடைக்காரரும் வைக்க வேண்டியதாயிற்று. கொஞ்ச காலம் போனபின் விதியை மாற்றினார்கள்: இனி சிக்கின் காலிப் பாக்கெட் மட்டும்தான் செல்லும். முதலில் எல்லோரையும் உள்ளே வரவிட்டு, பிறகு கதவைச் சாத்திய மாதிரி. முயன்று பார்த்தவரைத் திரும்ப வாங்குகிறவராக மாற்றியது அந்த இரண்டாவது விதி.

சில்லறைக் காசின் ஆட்சி

1990களின் இறுதியில் சிக் 50 காசுக்கு வந்தது. விலையைக் குறைத்தார்கள் என்று மட்டும் இதைப் பார்க்கக் கூடாது. 50 காசு, 1 ரூபாய், 2 ரூபாய், 5 ரூபாய், 10 ரூபாய் எல்லாம் நாணயமாகவோ நோட்டாகவோ கையில் இருக்கிற விலைகள். ஒரே நாணயத்தைக் கொடுத்து, மீதி வாங்காமல் போய்விடலாம். இந்த இடத்தில் அன்றாடப் பொருள் வியாபாரம் மற்ற வியாபாரங்களிலிருந்து பிரிகிறது. வழக்கமாகச் செலவைக் கூட்டி, லாபத்தைச் சேர்த்து விலை வைப்பார்கள். சாஷேயில் விலை முதலிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த விலைக்குள் எத்தனை மில்லி தர முடியும் என்பதுதான் கேள்வி.

அதனால் பாமாயிலோ கச்சா எண்ணெயோ விலை ஏறினால், 1 ரூபாய் சாஷே 1 ரூபாய் 10 காசு ஆகாது. உள்ளே இருப்பது கொஞ்சம் குறையும். பிஸ்கட் பாக்கெட்டும் சோப்புக் கட்டியும் சத்தமில்லாமல் இளைத்துப்போவதும் இதே காரணத்தால்தான். எதிர்த் திசையிலும் இது நடக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பு மீதான ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. கணக்குப்படி 2 ரூபாய் சாஷே ஏறக்குறைய 1 ரூபாய் 78 காசுக்கு வர வேண்டும். அந்த 22 காசை யார் யாருக்குத் திருப்பித் தருவது? சின்னப் பாக்கெட்டுகளில் விலையைத் தொடாமல் அளவைக் கூட்டும் வழியைப் பல நிறுவனங்கள் எடுத்தது அதனால்தான்.

கடைக்குப் போனால் இன்னொன்றையும் கவனியுங்கள். மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பொது விதி. இந்தியாவில் ஷாம்புவுக்கு அந்த விதி பல நேரம் தலைகீழ். பல பிராண்டுகளில் ஒரு மில்லிக்கு என்ன விலை என்று வகுத்துப் பார்த்தால் பாட்டிலை விடச் சாஷே மலிவாக இருக்கும். காரணம் புரியாத புதிரல்ல. ஒரு ரூபாய் களத்தில் போட்டி கழுத்தை நெரிக்கிறது. அங்கே ஒவ்வொரு குளியலுக்கும் வாடிக்கையாளர் கட்சி மாறலாம். பாட்டில் வாங்குகிறவர் விலையை அவ்வளவு பார்ப்பதில்லை, இரண்டு மாதத்துக்கு வேறு பக்கம் திரும்பவும் மாட்டார். பாட்டில் செய்ய ஆகும் செலவு, மூடி, லேபிள் எல்லாம் வேறு இருக்கிறது. வசதியான வீடுகளில்கூடச் சாஷே சரம் வாங்கிப் போடுகிறார்கள் என்றால் அது கஞ்சத்தனம் அல்ல, சரியான கணக்கு.

வளர மூன்று வழிகள்

அன்றாடப் பொருள் நிறுவனம் எதுவாக இருந்தாலும் விற்பனையைக் கூட்ட மூன்றே வழிகள். இதுவரை பயன்படுத்தாதவரைப் பயன்படுத்த வைப்பது. பயன்படுத்துகிறவரை அடிக்கடியோ அதிகமாகவோ பயன்படுத்த வைப்பது. அவரையே விலை கூடிய ரகத்துக்கு ஏற்றுவது. எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இந்த மூன்றில் எந்த வேலையைச் செய்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதி புரிந்துவிடும்.

முதல் வழிக்குச் சாஷே சாட்சி. இரண்டாவது வழியில்தான் ‘தினமும் போடலாம், அவ்வளவு மென்மை’ என்ற வாசகம் வருகிறது. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தலைக்குக் குளிக்கிறவர் இன்னொரு முறை குளித்தால், ஒரு புது வாடிக்கையாளரும் சேராமலேயே விற்பனை எகிறும். பற்பசை விளம்பரத்தில் பிரஷ்ஷின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அலைபோலப் பசையைப் பிதுக்கிக் காட்டுவார்கள்; பட்டாணி அளவு போதும் என்பார்கள் பல் மருத்துவர்கள். மூன்றாவது வழிக்கு உதாரணம் கண்டிஷனர், சீரம், ‘டேமேஜ் ரிப்பேர்’ வகையறா.

இந்த மூன்றையும் ஒரே பிராண்டால் செய்ய முடியாது. ஹிந்துஸ்தான் யூனிலீவரிடம் கிளினிக் பிளஸ், சன்சில்க், டவ் என்று பல ஷாம்புகள் இருப்பது அதனால்தான். கிளினிக் பிளஸ் அம்மாவும் மகளும் வரும் குடும்பப் பிராண்டு. சன்சில்க் இளம்பெண்களைப் பார்த்துப் பேசுகிறது. டவ் சேதமான முடிக்கு, கொஞ்சம் அதிகம் செலவழிக்கத் தயாராக இருப்பவருக்கு. பி அண்ட் ஜி (ப்ராக்டர் அண்ட் கேம்பிள்) பக்கம் ஹெட் அண்ட் ஷோல்டர்ஸ் பொடுகு என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கெவின்கேரும் மீராவை வைத்துச் சீயக்காய் நினைவை விற்கிறது. முன்பு எதைத் தோற்கடிக்க ஊர் ஊராகப் போனார்களோ அதையே பின்னால் ஒரு பிராண்டாக்கியது வேடிக்கைதான்.

ஒரே கம்பெனியின் இரண்டு பிராண்டுகள் ஒன்றையொன்று தின்னாதா? இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1931இல் அமெரிக்காவில் பி அண்ட் ஜி நிறுவனத்தில் கேமே சோப்பைக் கவனித்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், அதே நிறுவனத்தின் ஐவரி சோப்பின் நிழலில் கேமே கிடப்பதைப் பார்த்து மேலிடத்துக்கு மூன்று பக்கக் குறிப்பு ஒன்று எழுதினார். ஒவ்வொரு பிராண்டுக்கும் தனிக் குழு வேண்டும், அது தன் பிராண்டைத் தனிக் கம்பெனி போல நடத்த வேண்டும் என்பது சாரம். இன்று ‘பிராண்ட் மேனேஜர்’ என்ற பதவி உலகம் முழுவதும் இருப்பதற்கு வேர் அந்தக் குறிப்பு. இரண்டு பிராண்டுகளும் வேறு வேறு ஆள்களைப் பார்த்துப் பேசும்வரை சண்டை குறைவு. ஒரே ஆளைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், ஆம், தின்னத்தான் செய்யும்.

நட்சத்திரக் குறிக்குக் கீழே

விளம்பரத்தின் வேலை பெயரை மனதில் பதிப்பது. நிறம், இசை, நடிகை, ஒரே வாசகம் எல்லாம் வருடக்கணக்கில் மாறாமல் இருப்பது இதற்குத்தான். பார்க்கிறவருக்கு அலுத்துப்போகும் முன்பே கம்பெனிக்காரர்களுக்கு அலுத்துவிடும்; பாக்கெட்டின் நிறத்தை மாற்றிவிட்டு, கடையில் ஆள்கள் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வாக்குறுதிகளைப் படிக்கும்போது மட்டும் நிதானம் வேண்டும். ‘முடி உதிர்வைக் குறைக்கும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறதா பாருங்கள். கீழே பொடி எழுத்தில் ‘முடி உடைவதால் ஏற்படும் உதிர்வு, கண்டிஷனர் கலக்காத ஷாம்புவோடு ஒப்பிடுகையில்’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சீப்பில் சிக்கி முடி நடுவில் உடைவது வேறு, வேரோடு கழல்வது வேறு. ஷாம்பு முதலாவதற்குத்தான் ஏதாவது செய்ய முடியும். பொடுகு விளம்பரங்களிலும் ‘கண்ணுக்குத் தெரியும் செதில்கள், தொடர்ந்து பயன்படுத்தினால்’ என்பார்கள். பொய் எழுதவில்லை, எழுத்தின் அளவில்தான் சாமர்த்தியம்.

எதிராளியை நேராகத் தாக்கினால் விவகாரம் கோர்ட்டுக்குப் போகும். 2010இல் ரின் விளம்பரம் ஒன்று டைட் பாக்கெட்டை வெளிப்படையாகக் காட்டி ஒப்பிட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ஒளிபரப்பத் தடை விதித்தது.

கடைவரை போய்ச் சேர்வது

பெயர் மனதில் இருக்கிறது, ஆனால் கடையில் சரக்கு இல்லை என்றால்? ஷாம்புவுக்காக யாரும் அடுத்த தெருவுக்கு நடக்க மாட்டார்கள். இருக்கிறதை வாங்கிக்கொண்டு போவார்கள். எனவே கம்பெனியிலிருந்து டிப்போ, அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டர், அவரிடமிருந்து சேல்ஸ்மேன் வழியாகக் கடை என்று ஒரு சங்கிலி வாரம் தவறாமல் ஓட வேண்டும். சேல்ஸ்மேன் இன்ன கிழமை இன்ன லைன் என்று போய் ஆர்டர் எடுப்பார். கடைக்காரர் முதலில் கேட்பது “ஸ்கீம் என்ன இருக்கு?” என்றுதான். ஒரு பெட்டி எடுத்தால் இத்தனை இலவசம் என்பது போன்ற கடைக்காரருக்கான சலுகைகள் நம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் கடைக்காரர் எந்தச் சரத்தை முன்னால் தொங்கவிடுவார் என்பதை அவைதான் பல நேரம் தீர்மானிக்கின்றன.

மளிகைக்கடையில் நாம் வெளியே நிற்கிறோம், பொருள் உள்ளே இருக்கிறது. அங்கே வாசலில் தொங்கும் சரமே விளம்பரப் பலகை. சூப்பர் மார்க்கெட்டில் நாமே எடுக்கிறோம். கண் மட்டத்தில் இருக்கும் தட்டுக்குப் போட்டி, அந்த இடத்துக்குப் பணமும் கைமாறும். செயலியில் தேடும்போது முதல் வரிசையில் வருவதற்கும் அதே கதைதான். கடையே சரியாக இல்லாத சிற்றூர்களுக்கு யூனிலீவர் வேறு வழி பார்த்தது: 2000களின் தொடக்கத்தில் நல்கொண்டா மாவட்டத்தில் சுய உதவிக் குழுப் பெண்களையே விற்பனையாளர்களாக்கித் தொடங்கிய சக்தி திட்டம் பிறகு பல மாநிலங்களுக்கும் பரவியது.

இணையத்தில் பிறந்த பிராண்டுகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான். 2016இல் தொடங்கிய மாமாஎர்த், வெங்காய ஷாம்பு போன்றவற்றை இணையத்தில் விற்று வேகமாக வளர்ந்தது. கடைகளுக்குச் சரக்கு அனுப்பும் முறையை மாற்றியமைத்தபோது, 2024 செப்டம்பரில் முடிந்த காலாண்டில் அதன் தாய் நிறுவனமான ஹொனாசா நஷ்டம் காட்டியது. இன்ஸ்டாகிராமில் பெயர் எடுப்பதற்கும் லட்சக்கணக்கான கடைகளில் சரக்கு தீராமல், தேங்காமல் பார்த்துக்கொள்வதற்கும் சம்பந்தமே கிடையாது.

விசுவாசம் என்று ஒன்று உண்டா?

புதிதாகப் பிராண்டு தொடங்குகிறவர்கள் ‘குறைவான வாடிக்கையாளர் போதும், ஆனால் உயிரைக் கொடுக்கிறவர்களாக இருக்கட்டும்’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிரிட்டனைச் சேர்ந்த மார்க்கெட்டிங் ஆய்வாளர் ஆண்ட்ரூ எஹ்ரன்பர்க் பல பத்தாண்டுகள் வீடுகளின் வாங்கும் பழக்கத்தை ஆராய்ந்து பார்த்தபோது தெரிந்தது வேறு. சின்னப் பிராண்டுக்கு வாடிக்கையாளர்கள் குறைவு. அந்தக் குறைவானவர்களும் அதைச் சற்றுக் குறைவாகவே திரும்ப வாங்குகிறார்கள். அடி இரண்டு பக்கமும் விழுகிறது. பெரும்பாலோர் இரண்டு மூன்று பிராண்டுகளை மாற்றி மாற்றி வாங்குகிறவர்கள்தான். நம் வீட்டுக் குளியலறையைப் பார்த்தாலே இது தெரியும்.

இதிலிருந்து வரும் நடைமுறை முடிவு முக்கியமானது. பழைய வாடிக்கையாளரை இன்னும் காதலிக்க வைப்பதில் செலவழிப்பதைவிட, எப்போதாவது வாங்குகிறவர்களை அதிகமாகச் சேர்ப்பதே அன்றாடப் பொருளை வளர்க்கும். ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ மேல் எனக்குச் சந்தேகம் வருவதும் இதனால்தான். அதில் பெரும்பகுதி எப்படியும் வாங்கவிருந்தவர் கைக்கே போகிறது. அவர் வீட்டில் அடுக்கி வைத்துவிட்டு, அடுத்த மாதம் கடைப் பக்கமே வரமாட்டார். கையில் காசு குறைவாக உள்ள சின்ன நிறுவனம் முதலில் ஒரு மாவட்டத்தைப் பிடித்து, அங்கே ஒரு கடை விடாமல் சரம் தொங்குகிறதா என்று பார்ப்பதே மேல். மாநிலம் முழுக்க விளம்பரம் போட்டு, கேட்கிற கடையில் எல்லாம் “இல்லீங்க” என்ற பதிலை வாங்குவது வீண் செலவு.

சாஷேயின் கணக்கில் எழுதப்படாத செலவு ஒன்றும் இருக்கிறது. பல அடுக்குப் பிளாஸ்டிக்கை ஒட்டிச் செய்த அந்த உறையை மறுசுழற்சி செய்வது கடினம். எடை இல்லாததால் பழைய பேப்பர்காரரும் எடுப்பதில்லை. சாக்கடையில்தான் போய்ச் சேர்கிறது. தயாரிப்பாளரே பிளாஸ்டிக் கழிவுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று இப்போது சட்டம் சொல்கிறது. காலி பாட்டிலைக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும் இயந்திரங்களையும் சில நிறுவனங்கள் நகரங்களில் வைத்துப் பார்க்கின்றன. அது ஏற்கனவே பாட்டில் வைத்திருப்பவருக்குச் சரி. வேலை முடிந்து திரும்பும் வழியில், கையில் இருக்கும் ஒரு நாணயத்துக்கு ஒரு குளியலை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு அதே வசதியை உறையில்லாமல் தரும் வழியை எந்த பிராண்டும் இன்னும் பெரிய அளவில் நடத்திக் காட்டவில்லை.